உண்ட வீட்டுக்கு இரண்டகம்

கித்துல்கலைக்கு வரும் வெளியூர்க்காரர் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். ஒன்று, களனி கங்கையின் சுழிகளில் ரப்பர்ப் படகு விடுவது. மற்றது, 'குவாய் நதிப் பாலம்' படமெடுத்த இடத்தைப் பார்ப்பது. இயக்குநர் டேவிட் லீன் இந்த ஆற்றின் குறுக்கே மரப்பாலம் ஒன்றைக் கட்டி, 1957 மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்துப் படம்பிடித்தார். படம் 7 ஆஸ்கார் விருதுகளை அள்ளியது. அந்த ஏழில் ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் கதையைத்தான் ஆற்றங்கரைக்கு வரும் வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை.

திரைக்கதைக்கான விருது பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளருக்குக் கொடுக்கப்பட்டது. மூல நாவல் அவருடையதுதான். ஆனால் திரைக்கதையை அவர் எழுதவில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவரும் அல்லர். எழுதிய கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன் இருவருடைய பெயரும் திரையில் வரவே இல்லை. அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் ஏறிய பெயர்கள் அவை. போர்மன் 1951 செப்டெம்பரில் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். கம்யூனிஸ்ட் கட்சியில் கூட இருந்தவர்களின் பெயரைச் சொல் என்றார்கள். அவர் சொல்லவில்லை. பல வருட நண்பரும் தொழிற் பங்காளியுமான ஸ்டான்லி கிரேமர் அவரை நிறுவனத்திலிருந்து விலக்கினார். போர்மன் அதைச் சிநேகிதத் துரோகமாகவே கருதினார். கிரேமர் தரப்பு வேறு விதமாகச் சொன்னது. போர்மனும் வில்சனும் இறந்துபோன பின்னர்தான் அகாதெமி அந்த விருதை அவர்கள் பெயருக்கு மாற்றியது.

அந்த விசாரணைகளில் ஒரு விசித்திரம் உண்டு. கேட்கப்பட்ட பெயர்களில் அநேகமானவை குழுவுக்கு முன்பே தெரியும். தெரிந்த பெயரை எதற்குத் திரும்பக் கேட்க வேண்டும்? அதை ஒரு நண்பன் வாயால் சொல்ல வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்திய இன்னொரு கைதிலும் இதே புதிர் இருக்கிறது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒவ்வொரு தவக்காலத்திலும், முக்கியமாகப் பெரிய வியாழன் இரவில், கேட்கிற கதை அது. எருசலேம் ஆலயத்து அதிகாரிகளுக்கு இயேசு யாரென்று தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த வாரம் முழுவதும் அவர் ஆலய வளாகத்தில், பகிரங்கமாக, கூட்டத்தின் நடுவே போதித்துக்கொண்டிருந்தார். தம்மைப் பிடிக்க வந்தவர்களிடம் அதையே அவர் சுட்டிக்காட்டியதாக மாற்கு எழுதுகிறார். பிறகு எதற்கு யூதாஸ்? எதற்கு வெள்ளிக்காசு?

பதில் நற்செய்திகளிலேயே சிதறிக் கிடக்கிறது. பாஸ்கா பண்டிகைக்காக எருசலேம் நிரம்பி வழிந்த நாட்கள் அவை. பகலில் கைவைத்தால் கலகம் வெடிக்கும் என்று தலைமைக் குருக்கள் பயந்தார்கள். ஆகவே கூட்டம் இல்லாத ஒரு நேரமும், கூட்டம் வராத ஓர் இடமும் தேவைப்பட்டன. கெதரோன் ஓடைக்கு அப்பால், ஒலிவ மலை அடிவாரத்துத் தோட்டத்துக்கு இயேசு அடிக்கடி போய் வருவார். அது யூதாசுக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் காரணத்தை வெளிப்படையாகவே எழுதிவைக்கிறார். அந்தத் தோட்டத்துக்கு அவனும் பல தடவை போனவன். அவன் விற்றது ஒரு வழக்கத்தை. கூடவே இருந்தவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு வழக்கம்.

அடுத்தது அந்த முத்தம். பாஸ்கா என்றால் முழுநிலவுக் காலம். ஆனாலும் வந்தவர்கள் தீவட்டியும் விளக்கும் கொண்டு வந்தார்கள். ஒலிவ மரங்களுக்கடியில் ஒரே மாதிரி உடுத்த பத்துப் பன்னிரண்டு கலிலேயர். ஆளைத் தவறவிடக் கூடாது. யாரை முத்தமிடுகிறேனோ அவரைப் பிடியுங்கள் என்பது ஏற்பாடு. சீடன் குருவை வரவேற்கிற சாதாரண மரியாதையை அன்று அடையாளக் குறியாக்கினார்கள். அந்த நேரத்திலும் இயேசு அவனைத் தோழன் என்றே அழைத்ததாக மத்தேயு எழுதுகிறார். லூக்காவின் இயேசு முத்தத்தைக் கொண்டா இதைச் செய்கிறாய் என்ற பொருள்பட ஒரு கேள்வி கேட்கிறார். யோவானோ முத்தத்தையே எழுதவில்லை. அங்கே இயேசு தாமே முன்னே வந்து நான்தான் என்கிறார்.

இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க அகராதி வேண்டாம். வடக்கில் யுத்தக் காலத்துச் சுற்றிவளைப்புகளில் ஊரையே வரிசையில் நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவன் முன்னால் ஒவ்வொருவராக நடத்திப் போவார்கள். அவன் தலை அசைந்தால் ஆள் போனான். 'தலையாட்டி' என்று அவனுக்குப் பெயர். 1988, 89 கிளர்ச்சிக் காலப் பயங்கரத்தின்போது தெற்கிலும் கோணிச்சாக்கில் கண்ணுக்கு மட்டும் துளை விட்டு ஆளை உட்கார வைத்தார்கள். சிங்களத்தில் 'கோணி பில்லா' என்றார்கள். இரு பக்கத்திலும் முறை ஒன்றுதான்: ஊரை அறிந்த கண் வேண்டும், ஊர் அறியாத முகம் வேண்டும். யூதாசுக்கு முகமூடி போடவில்லை. நற்செய்தி எழுதியவர்களை மிகவும் உலுக்கியது அதுதான் போலும். நால்வருமே அவன் பன்னிருவரில் ஒருவன் என்பதை அழுத்திச் சொல்கிறார்கள்.

யூதாஸ் வானத்திலிருந்து குதித்த பாத்திரம் அல்ல. விவிலியத்தில் அவனுக்கு ஒரு மூதாதை இருக்கிறார்: அகித்தோப்பேல். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புகளில் அவ்வளவாகப் பேசப்படாத பெயர். பழைய ஏற்பாட்டின் மிகக் கூர்மையான கதைகளில் ஒன்று அவருடையது.

தாவீது அரசரின் தலைமை ஆலோசகர் அவர். அவர் வாயிலிருந்து வருவதைத் தெய்வ வாக்குக்குச் சமமாக எண்ணினார்கள். அரசரின் மகன் அப்சலோம் எப்ரோனில் கலகத்தைத் தொடங்கியபோது அகித்தோப்பேல் மகன் பக்கம் சாய்ந்துவிட்டார். செய்தி கிடைத்ததும் தாவீது தலைநகரை விட்டு ஓடுகிறார். தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, அழுதபடி, கெதரோனைக் கடந்து ஒலிவ மலையில் ஏறுகிறார். பின்னாளில் இயேசு அதே ஓடையைக் கடந்து அதே மலையடிவாரத்துக்கு வந்தார் என்று எழுதும்போது, இந்தப் பழைய காட்சியை வாசகர் நினைத்துக்கொள்ள மாட்டார்களா என்ற எண்ணம் நற்செய்தியாளருக்கு இருந்திருக்கும்.

மலையுச்சியில் ஊசாய் வந்து சேருகிறார். தாவீதின் நண்பர் என்றே வேதம் அடையாளப்படுத்துகிற மனிதர். தாவீது அவரைத் தம்மோடு வர விடவில்லை. திரும்பிப் போய் அப்சலோமிடம் விசுவாசமாக இருப்பதுபோல் நடித்து, அகித்தோப்பேலின் திட்டத்தைக் கெடுக்கச் சொல்லி அனுப்புகிறார். துரோகத்தை முறிக்க இன்னொரு துரோகம். அதைச் செய்கிறவர் நல்ல நண்பர். வேதாகமம் இதற்காக ஊசாயைக் கண்டிக்கவும் இல்லை, வெள்ளையடிக்கவும் இல்லை.

அகித்தோப்பேல் சொன்ன யோசனை சரியானது. 12,000 பேரைக் கொடு, இன்றிரவே துரத்துகிறேன், களைத்துப்போன தாவீது ஒருவரை மட்டும் வீழ்த்தினால் மற்றவர்கள் தானாக வந்து சேர்வார்கள் என்றார். ஊசாய் அதற்கு எதிராக, பெரும்படை திரட்டும்வரை பொறுக்கலாம் என்று இளவரசனின் பெருமைக்குத் தீனி போட்டார். அப்சலோம் ஊசாய் சொன்னதைக் கேட்டான். அகித்தோப்பேலுக்கு அந்தக் கணமே முடிவு தெரிந்துவிட்டது. கழுதைக்குச் சேணம் கட்டி, சொந்த ஊருக்குப் போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டுத் தூக்கிட்டுக்கொண்டார். வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டு என்ற அந்தச் சிறு விவரம் எந்த நாவலாசிரியனையும் பொறாமைப்பட வைக்கும்.

ஏன் காட்டிக்கொடுத்தார்? கதை நேராகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் சாமுவேல் நூலைப் பொறுமையாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு நூலிழை கிடைக்கும். 11ஆம் அதிகாரத்தில் பத்சேபாள் எலியாம் என்பவரின் மகள். 23ஆம் அதிகாரத்தில் தாவீதின் முதன்மை வீரர் பட்டியலில் ஓர் எலியாம் வருகிறார். அவர் அகித்தோப்பேலின் மகன். இருவரும் ஒரே எலியாம் என்றால், தாவீது அபகரித்த பெண் அகித்தோப்பேலின் பேத்தி. யூத உரையாசிரியர்கள் நெடுங்காலமாக இப்படி வாசித்திருக்கிறார்கள்.

அதே பட்டியலின் கடைசிப் பெயர் உரியா. பத்சேபாளின் கணவன். தாவீது அவனுக்குச் செய்ததை எப்படிச் சொல்வது? போர்முனையிலிருந்து வரவழைத்து, தம் முன்னிலையில் உண்ணவும் குடிக்கவும் கொடுத்து, மறுநாள் அவனைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை அவன் கையிலேயே தளபதி யோவாபுக்குக் கொடுத்தனுப்பினார். தோழர்கள் வெட்டவெளியில் படுத்திருக்கும்போது தான் வீட்டுக்குப் போய்ப் படுக்கமாட்டேன் என்று அரண்மனை வாசலிலேயே துயின்ற விசுவாசி அவன். நம்பியவனை, தன் பந்தியில் உண்டவனை விற்ற கதை என்று பார்த்தால் யூதாசுக்கு முன்னால் நிற்கவேண்டியவர் தாவீது.

நண்பனின் துரோகத்தைப் பற்றிய இரண்டு சங்கீதங்கள் மரபுப்படி தாவீதின் பெயரில்தான் இருக்கின்றன. 41ஆவது, தன் அப்பத்தைத் தின்ற நம்பிக்கைக்குரியவன் தனக்கெதிராகத் திரும்பியதைச் சொல்கிறது. கடைசி இராவுணவில் இயேசு இதையே எடுத்துக் காட்டுவதாக யோவான் எழுதுகிறார். 55ஆவது இன்னும் ஒருபடி போகிறது. பகைவன் தூற்றினால் பொறுத்துக்கொள்ளலாம், ஒளிந்துகொள்ளலாம். கூடப் பேசி, கூட ஆலயத்துக்கு நடந்து போனவனிடமிருந்து எங்கே ஒளிவது என்பது அதன் கருத்து. உரியா பேசியிருந்தால் அவனும் இதையேதான் பாடியிருப்பான். அந்தக் கொலைக் கடிதத்தை எழுதியவரின் வாயில் இந்தப் பாட்டைத் தொகுத்தவர்கள் வைத்தது தெரிந்தா தெரியாமலா என்பது சுவாரசியமான கேள்வி.

முத்தத்துக்கும் முன்மாதிரி உண்டு. அதே நூலில் யோவாப், தன் உறவினனும் போட்டியாளனுமான அமாசாவின் தாடியை வலக்கையால் பிடித்து முத்தமிடப் போகிறவன்போல் நெருங்கி, மற்றக் கையிலிருந்த வாளால் குத்தினான்.

இனிக் காசு. முப்பது வெள்ளி என்பது மத்தேயு மட்டும் தருகிற தொகை. மாற்கும் லூக்காவும் பணம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யோவான் காட்டிக்கொடுத்ததற்கான கூலியைப் பேசவே இல்லை. பதிலாக, யூதாஸ் குழுவின் பணப்பையை வைத்திருந்தவன், அதிலிருந்து திருடியவன் என்கிறார். மத்தேயுவின் முப்பது தற்செயலானது அல்ல. மாடு முட்டி ஓர் அடிமை செத்தால் எசமானுக்குக் கொடுக்க வேண்டிய ஈடு முப்பது வெள்ளி என்கிறது யாத்திராகமம். சகரியா நூலில் ஒரு மேய்ப்பனுக்குக் கொடுக்கப்பட்ட கேவலமான கூலியும் முப்பது வெள்ளிதான். அதை அவன் கடவுளின் இல்லத்தில் குயவனிடம் எறிந்துவிடுகிறான்.

அந்தக் காசு தீர் நகரத்து வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் நான்கு தெனாரியம் பெறும். ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் உவமையில் அதுதான் பேசிய சம்பளம். ஆக 120 நாள் கூலி. அதே வாரத்தில் பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் பாதத்தில் ஊற்றிய நறுமணத் தைலத்தின் விலை 300 தெனாரியம். அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முணுமுணுத்தவன் யூதாஸ்தான் என்கிறார் யோவான். தைலத்தின் விலையில் பாதிக்கும் குறைவாக ஆள் போய்விட்டது.

ஒரு மனிதனுக்கு இவ்வளவு என்று விலை குறிப்பது மலையகத்துக்குப் புதிதல்ல. தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடனை எழுதிய சீட்டு அது. கடனை அடைக்கிற துரை அந்த ஆட்களைத் தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். 1921 இல் சட்டம் அதை ஒழித்தது. கங்காணி அந்நியர் அல்லர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், உறவுக்காரர். அந்த நம்பிக்கையில்தான் சனம் தோணி ஏறியது. எல்லாக் கங்காணியும் யூதாஸ் என்பதல்ல. ஆட்களுக்காகத் துரையிடம் வாதாடியவர்களும் அதே தலைப்பாகைதான் கட்டியிருந்தார்கள். ஆனாலும், ஆளை விலைபேச முதலில் ஆளின் நம்பிக்கை வேண்டும் என்ற கணக்கு அங்கேயும் வேலை செய்தது.

அந்த இரவில் கைவிட்டவன் யூதாஸ் மட்டும் அல்ல. தோட்டத்தில் இருந்த எல்லாரும் ஓடினார்கள். பேதுரு மட்டும் தூரத்தில் பின்தொடர்ந்து தலைமைக் குருவின் முற்றம்வரை போய், குளிர் காய்ந்துகொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று, மூன்று தடவை அந்த மனிதனை எனக்குத் தெரியாது என்று சத்தியம் பண்ணினார். அவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சு வழக்கு என்கிறார் மத்தேயு. 1981, 1983 இனக்கலவரங்களின்போது சப்ரகமுவத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு, பேச்சுச் சாயல் ஓர் இரவில் என்ன செய்யும் என்று தெரியும். தெரியாது, நான் அவனில்லை என்று சொல்லித் தப்பியவர்களைக் குற்றஞ்சாட்ட இங்கே யாருக்கும் நா எழாது. பேதுருவுக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

இரண்டு சீடர்களுக்கும் பிறகு நடந்ததில்தான் கதை பிரிகிறது. சேவல் கூவியதும் பேதுரு வெளியே போய் அழுதார். யூதாசும் வருந்தினான், குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொண்டுபோனான் என்று மத்தேயு எழுதுகிறார். குருக்கள் அது உன் பாடு என்றார்கள். காசை ஆலயத்தில் வீசிவிட்டுப் போய் நான்றுகொண்டான். அந்தப் பணத்தில் அந்நியரைப் புதைக்க ஒரு குயவன் நிலம் வாங்கப்பட்டது. அப்போஸ்தலர் பணி நூலில் இந்தக் கதை வேறு: யூதாசே நிலம் வாங்கினான், அங்கே தலைகுப்புற விழுந்து வயிறு பிளந்து செத்தான். மனம் வருந்தியதாக ஒரு சொல்லும் இல்லை. இரண்டையும் ஒட்டவைக்கப் பழைய உரையாசிரியர்கள் படாத பாடு பட்டிருக்கிறார்கள். கயிறு அறுந்து விழுந்தான் என்று சமாதானமும் சொன்னார்கள். ஒட்டாமல் விட்டாலே நல்லது. நெருங்கியவன் ஏன் இப்படிச் செய்தான் என்பதற்கு முதல் தலைமுறையிடமே ஒரே விடை இருக்கவில்லை: ஒருவர் பணம் என்கிறார், ஒருவர் திருட்டுப் புத்தி என்கிறார், லூக்காவும் யோவானும் சாத்தான் புகுந்தான் என்கிறார்கள். 2006 இல் வெளியான கொப்திய மொழிச் சுவடியான 'யூதாஸ் நற்செய்தி' இன்னொரு ஓரத்துக்குப் போய், இயேசுவை நன்றாகப் புரிந்துகொண்டவனே அவன்தான் என்கிறது. திருச்சபை அதை இரண்டாம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது.

இந்தக் கதை இலங்கைக் கத்தோலிக்கத் தமிழரின் நாவில் ஏறியதற்கு ஒரு காரணமான மனிதர் யாக்கோமே கொன்சால்வெஸ். கோவாவின் திவார் தீவில் 1676 இல் பிறந்த கொங்கணி. 1705 இல் இங்கே வந்து, 1742 இல் போலவத்தையில் இறந்து அங்கேயே அடக்கமானார். தமிழிலும் சிங்களத்திலும் நூல்களைக் குவித்தவர். தமிழில் அவர் எழுதிய 'வியாகுல பிரசங்கம்' தவக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இராகமிட்டு வாசிக்கப்படுகிறது. சிங்களத்தில் அவர் எழுதிய பாடுகளின் பிரசங்கம் நீர்கொழும்புக்கு அருகே துவ தீவில் ஆடும் 'பாஸ்கு' என்ற திருப்பாடுகளின் நாடகத்துக்கு அடித்தளமானது.

அவர் எழுதிய காலத்தைக் கவனிக்க வேண்டும். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய கையோடு, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். 1687 இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து, இருட்டில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார். 1692 இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தபோது, இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசனிடம் சொல்லிச் சிறையில் தள்ளச் செய்தவரும் ஒரு கிறிஸ்தவர்தான்: அரச சேவையில் இருந்த லனரோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர். வாஸின் பின்னால் வந்த தலைமுறை கொன்சால்வெஸ். இப்படி மறைந்து கும்பிட்ட ஒரு சபையில் யூதாசின் கதை வெறும் பழங்கதையாக இருந்திருக்க முடியாது. குரு இன்றிரவு எந்த வீட்டுக்கு வருகிறார் என்பது தெரிந்தவர்கள், கூடச் செபமாலை சொல்கிறவர்கள் மட்டும்தான்.

பிரசங்கத்தைக் கேட்டது போதாமல் சனம் அதைக் கண்ணாலும் பார்க்க விரும்பியது. சிலைகளைத் திரைக்குப் பின்னிருந்து அசைத்துக் காட்டும் 'உடக்குப் பாஸ்' வந்தது. பிறகு ஆட்கள் நடிக்கும் பாஸ்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நீ. மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனது. இந்த ஆட்டங்களில் நடிகனுக்குத் தீனி போடுகிற பாத்திரம் எப்போதும் யூதாஸ்தான். இயேசுவாக நடிப்பவருக்கு மௌனமே பாதி வேலை. யூதாசுக்குப் பேரம் இருக்கிறது, பந்தி இருக்கிறது, முத்தம் இருக்கிறது, பயம் இருக்கிறது.

ஐரோப்பாவில் இந்தப் பாத்திரம் ஒரு கொடுமைக்கும் பயன்பட்டது. இடைக்கால ஓவியர்கள் யூதாசுக்கு மஞ்சள் உடையும் செம்பட்டை முடியும் கொடுத்து, அவனை யூத இனம் முழுவதற்கும் முகமாக்கினார்கள். பன்னிருவரும் யூதர், காட்டிக்கொடுக்கப்பட்டவரும் யூதர். அதை மறந்துவிட்டார்கள். 1634 இலிருந்து திருப்பாடுகளின் நாடகம் ஆடிவரும் பவேரியக் கிராமமான ஓபராமெர்கவிலும் யூதாஸ் மஞ்சளில்தான் வந்தான். 300ஆம் ஆண்டு நிறைவான 1934 இல் ஹிட்லர் அதைப் பார்த்து மெச்சினான். 1965 ஒக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் சாவுக்கு யூத மக்கள் எல்லார்மீதும் பழிபோட முடியாது என்று அறிவித்தது. ஓபராமெர்கவ் நாடகம் உண்மையில் மாறியது அதற்கும் பின்னால், 1990 இலிருந்து கிறிஸ்தியான் ஸ்டுக்கல் இயக்குநரானபோதுதான். இன்றைய யூதாஸ் அங்கே பெரிய மனிதர்களின் சூதில் சிக்கிக்கொண்டு தவிக்கும் சீடன்.

அந்த மாற்றத்துக்கு முன்னோடியாக ஒரு பிரசங்கம் இருந்தது. 1958 ஏப்ரல் 3, பெரிய வியாழன். இத்தாலியின் பொத்சோலோ பங்குக் கோயிலில் பிரீமோ மத்சொலாரி என்ற குரு, யூதாசைத் தம் சகோதரன் என்று அழைத்துப் பேசினார். பாவத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. அவனுக்காகவும் அழ ஒருவர் வேண்டும் என்றார். போப் பிரான்சிஸ் பின்னாளில் அந்தப் பிரசங்கத்தைப் பல தடவை நினைவுகூர்ந்திருக்கிறார்.

முதல் சபை இந்தக் காயத்தை எப்படிக் கையாண்டது என்பது அப்போஸ்தலர் பணி நூலின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. சுமார் 120 பேர் கூடியிருந்தார்கள். காலியான இடத்தை நிரப்பும் கூட்டம். எழுந்து யூதாசைப் பற்றிப் பேசியவர் பேதுரு. சில வாரங்களுக்கு முன்னால் கரி நெருப்பருகே அந்த மனிதனைத் தெரியாது என்றவர். அவன் நம்மோடு எண்ணப்பட்டவன், இந்தப் பணியில் பங்கு பெற்றவன் என்பதை அவர் மறைக்கவில்லை. தம்மைப் பற்றி எதுவும் சொன்னதாக அந்நூலாசிரியர் லூக்கா எழுதவும் இல்லை. இரண்டு பெயர்கள் முன்வைக்கப்பட்டன: பர்சபா எனப்பட்ட யோசேப்பு, மத்தியா. ஆரம்பம் முதல் கூடவே திரிந்தவனாக இருக்க வேண்டும் என்பதுதான் தகுதி. யூதாசுக்கு இருந்த அதே தகுதி. சீட்டுப் போட்டார்கள், மத்தியாவுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு புதிய ஏற்பாட்டில் மத்தியாவின் பெயர் எங்கும் வருவதில்லை. சீடர் பட்டியலில் யூதாசின் பெயரைக் கடைசியில் வைத்தார்களே தவிர, எடுத்துவிடவில்லை.